நாற்பது மீட்டர் அலை யாருக்குச் சொந்தம்?

பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் வளர்ந்த அன்பர்களுக்கு அதன் கண்ணாடி முகப்பு நினைவிருக்கும். ஊர்ப்பெயர்களுக்குக் கீழே 19, 25, 31, 41, 49 என்று எண்கள் வரிசையாக இருக்கும். சிலோன் ரேடியோவின் இந்தி ஒலிபரப்பில் பாட்டு தொடங்குமுன் 25 மீட்டர், 41 மீட்டர் என்று அறிவிப்பாளர் சொல்வார். அந்த எண்கள் என்ன என்று நம்மில் பலர் கேட்டதில்லை. முள்ளை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விசில் சத்தம் போகும்வரை மெல்லத் திருகுவோம். பாட்டு வந்ததா, போதும்.

அந்த 41 மீட்டருக்குச் சற்றே இடப்பக்கம் திருகினால் இன்னொரு உலகம் இருந்தது. தந்திபோல 'டிட் டா டிட்' சத்தம். நடுநடுவே மூக்கடைத்த வாத்து பேசுவது மாதிரி ஒரு குரல். அதுதான் 40 மீட்டர் பேண்டு. ஹாம் ரேடியோ என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் இடம். லாமிங்டன் ரோட்டில் ரேடியோ உதிரிபாக வியாபாரம் செய்த எனக்கு அந்த வாத்துக்குரல் மேல் ஆசை வந்து, பரீட்சை எழுதி, நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, ஆகாயத்தில் நடக்கிற இந்த எல்லைத் தகராறைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. நம்மவர்களில் அதிகம் பேர் அறியாத விஷயம். மும்பைக்கு இதில் ஒரு பங்கும் உண்டு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வானொலி அலை வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு அலையின் நீளம் 40 மீட்டர் சுமார் என்றால், வினாடிக்கு எழுபது லட்சம் தடவைக்கு மேல் அது துடிக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் 7 மெகாஹெர்ட்ஸ் என்கிறோம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். மீட்டரால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ். கடையில் பில் போடத் தெரிந்த யாருக்கும் இது தெரிந்துவிடும்.

அமெச்சூர் என்றால் அரைகுறை என்று பொருளல்ல. காசுக்காகச் செய்யாதவர் என்று பொருள். அரசாங்கப் பரீட்சையில் தேறி, உரிமம் வாங்கி, ஒதுக்கப்பட்ட அலைகளில் மட்டும், வியாபாரப் பேச்சு இல்லாமல், பாட்டுப் போடாமல், ரகசியக் குறியீடு இல்லாமல் பேசலாம். எதிர்முனையில் டாக்டர் இருப்பார், லாரி டிரைவர் இருப்பார், மந்திரி இருப்பார். ராஜீவ் காந்தி ஒரு ஹாம்; அவருடைய அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி. செட்டுக்கு முன் உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் அழைப்புக்குறிதான்.

இப்போது இடப் பிரச்சினைக்கு வருவோம். நமது இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் 40 மீட்டர் அமெச்சூர்களுக்கு நெடுங்காலம் இருந்தது 7.0 முதல் 7.1 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது 100 கிலோஹெர்ட்ஸ். ஒரு மனிதர் பேசுவதற்கு ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆக முப்பத்துச் சொச்சம் பேர் ஒரே நேரத்தில் பேசலாம், அதுவும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் சமர்த்தாக உட்கார்ந்தால். தந்திக் குறியீட்டுக்கு இவ்வளவு அகலம் வேண்டாம், சில நூறு ஹெர்ட்ஸ் போதும். அதனால்தான் கீழ்ப்பகுதியைத் தந்திக்காரர்களுக்கு விட்டு மேல்பகுதியில் பேச்சு என்று அமெச்சூர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி எழுதாத ஒப்பந்தம்தான்.

ஏன் எல்லாரும் இந்த 7 மெகாஹெர்ட்ஸுக்கே அடித்துக்கொள்ள வேண்டும்? அதன் குணம் அப்படி. பூமிக்கு மேலே நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் உயரம்வரை அயனி மண்டலம் என்ற அடுக்குகள் இருக்கின்றன. சூரிய ஒளி அங்கிருக்கும் காற்றை மின்னேற்றம் அடையச் செய்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் அலை பகலில் அந்த அடுக்கில் பட்டுத் திரும்பிச் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழும். மும்பையிலிருந்து புனே, நாகபுரி, அகமதாபாத், ஹூப்ளி எல்லாம் காலைக் காப்பி நேரத்தில் பக்கத்து வீடு மாதிரி கேட்கும். இரவானால் அதே அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாவும். 14 மெகாஹெர்ட்ஸ் தூரத்துக்கு நல்லது, பக்கத்து ஊருக்கு உதவாது. 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு நல்லது, வெயில் நேரத்தில் மங்கிவிடும். பகலுக்கும் இரவுக்கும், அண்டை ஊருக்கும் அடுத்த கண்டத்துக்கும் சேர்த்து ஒரே பேண்டு வேண்டுமென்றால் அது 40 மீட்டர்தான். இந்த வசதி அமெச்சூருக்கு மட்டுமா வேண்டும்? ஒலிபரப்பாளருக்கும் வேண்டும், ராணுவத்துக்கும் வேண்டும், மீன்பிடிப் படகுக்கும் வேண்டும்.

இங்கே ஒரு சிறு விலகல். சப்தம் ஆகாயத்தின் குணம் என்பது வைசேஷிகர் கொள்கை. எங்கள் சமண ஆசாரியர்கள் அதை மறுத்து, சப்தம் புத்கலத்தின், அதாவது சடப்பொருளின், ஒரு நிலை என்றார்கள். ஆகாயத்தின் வேலை இடங்கொடுப்பது ஒன்றுதான் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் போக்கு. வானொலி அலை ஒலி அல்ல என்பது எனக்குத் தெரியும். அதை இதனோடு முடிச்சுப்போட்டு 'அன்றே சொன்னார்கள்' என்று பெருமை பேசப் போவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் இடங்கொடுக்கும் ஆகாயத்தில் உட்கார இடமில்லை என்று 194 நாடுகள் ஜெனீவாவில் கூடிச் சண்டையிடுவதைப் பார்க்கும்போது அந்தச் சூத்திரம் ஞாபகத்துக்கு வராமல் இருப்பதில்லை.

சண்டையின் வரலாறு இது. 1912-இல் அமெரிக்காவில் சட்டம் போட்டு அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவும் என்று ஒதுக்கினார்கள். குறைந்த அலைநீளம் தூரம் போகாது, ஒன்றுக்கும் உதவாது என்பது அன்றைய நிபுணர்களின் நினைப்பு. தரிசு நிலத்தைக் கொடுத்துக் கழித்துக்கட்டியது மாதிரி. 1923 நவம்பரில் பிரான்சிலிருந்த ஓர் அமெச்சூரும் அமெரிக்காவிலிருந்த ஓர் அமெச்சூரும் 110 மீட்டர் அளவில் அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழியாகப் பேசிக்கொண்டார்கள். தரிசில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் ஓடிவந்தார்கள். 1925-இல் பாரிஸில் அமெச்சூர்கள் தங்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கத்தை அமைத்துக்கொண்டது இதனால்தான். 1927 வாஷிங்டன் மாநாட்டில் 40 மீட்டரில் அவர்களுக்கு 7.0 முதல் 7.3 வரை கிடைத்தது. 300 கிலோஹெர்ட்ஸ்.

1938-இல் கெய்ரோ மாநாடு. ஐரோப்பாவில் போர் மேகம் கூடிய நேரம். ஒவ்வொரு அரசாங்கமும் கடல் கடந்து பிரசாரம் செய்ய அலை தேடியது. 7.2-க்கு மேலே ஒலிபரப்புக்கு இடம் விடப்பட்டது, அமெரிக்கக் கண்டங்கள் நீங்கலாக. 1947 அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் இன்னும் கொஞ்சம், பிறகு 1959 ஜெனீவாவில் மிச்சமும் போய், ஐரோப்பா ஆப்பிரிக்கா ஆசியாவில் 7.1 வரை என்று சுருங்கியது. அமெரிக்காவில் மட்டும் 7.3 வரை அப்படியே இருந்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு மூன்று அறை, தம்பிக்கு ஒன்று என்ற கதை. அமெரிக்க ஹாம் 7.2-இல் பேசுவார். நாம் அங்கே பேசக்கூடாது. ஆகவே நாம் 7.1-க்குக் கீழே பேசி, 7.2-இல் அவரைக் கேட்க வேண்டும். அங்கே அவருடைய நூறு வாட்டுக்கு மேல் ஒலிபரப்பு நிலையத்தின் நூறு கிலோவாட் உட்கார்ந்திருக்கும். ஆயிரம் மடங்கு. கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே நின்று காதில் ரகசியம் சொல்வதுபோலத்தான்.

மும்பைப் பங்கு என்று சொன்னேன். இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு இந்திய அமெச்சூர் உரிமங்களை நிறுத்தியது. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா பெற்ற உரிமத்தோடு தொடங்கிய ஒரு பொழுதுபோக்கு அப்படியே வாய் மூடிக்கொண்டது. 1942 ஆகஸ்ட், வெள்ளையனே வெளியேறு இயக்கம். தலைவர்கள் எல்லாரும் சிறையில். அந்த மாதக் கடைசியில் பம்பாயிலிருந்து, இந்தியாவில் எங்கிருந்தோ என்று அறிவித்துக்கொண்டு, காங்கிரஸ் ரேடியோ பேசத் தொடங்கியது. உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவி, விட்டல்பாய் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி, பாபுபாய் கக்கர் முதலியோர் நடத்தினார்கள். டிரான்ஸ்மிட்டரைக் கட்டிக்கொடுத்தவர் நரிமன் பிரிண்டர். அவர்கள் அறிவித்த அலைநீளம் 42.34 மீட்டர். நான் மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்: 7.08 மெகாஹெர்ட்ஸ் சுமார் வரும். இன்று நாங்கள் காலையில் 'என்னங்க, மழை உண்டா?' என்று பேசிக்கொள்கிற அதே இடம்!

அந்த நிலையத்தை அரசு ஒரு பக்கம் இரைச்சல் போட்டு அமுக்கப் பார்த்தது. இன்னொரு பக்கம் திசைகாட்டும் கருவி வைத்த வண்டிகள் தெருத்தெருவாகத் தேடின. அவர்கள் சில நாளுக்கொரு தடவை வீடு மாற்றினார்கள். 1942 நவம்பர் 12-ஆம் தேதி பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டுச் சிறை. 1998-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், 2000-இல் காலமானார். சட்டப்படி பார்த்தால் அது உரிமம் இல்லாத குறுக்கீடு. 40 மீட்டரில் ஊடுருவுகிறவர்களைப் பற்றி நான் கோபமாகப் பேசத் தொடங்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வேன்.

நான் ஹாம் ஆன காலத்தில் ஊடுருவியவர்கள் வேறு ரகம். 7.1-க்கு மேல் முழுவதும் கொடுத்தும் போதாமல் சில நாடுகள் 7.1-க்குக் கீழேயும் வந்து உட்கார்ந்தன. அல்பேனியாவின் ரேடியோ திரானா 7.065-இல் பல ஆண்டுகள் முழங்கியது. பீகிங் வானொலியும் அங்கே கேட்டது. தென்கிழக்காசியக் கடல்களில் மீன்பிடிப் படகுக்காரர்கள் செட்டை வாங்கி மாட்டி, உரிமம் என்றால் என்ன என்று கேட்காமல் பேசிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, நடுக்கடலில் இருப்பவன் எதைப் பிடித்தாவது பேசுவான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை மரங்கொத்தி. 1976 ஜூலையில் உலகமெங்கும் சிற்றலையில் வினாடிக்குப் பத்துத் தடவை 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஒரு அலையில் நிற்காது. இங்கே தட்டும், அங்கே தட்டும், ஒலிபரப்பு, விமானப் பேச்சு, அமெச்சூர் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் தட்டும். ஹாம்கள் திசைபிடித்துச் சோவியத் நாடு என்று கண்டார்கள். அது அடிவானத்துக்கு அப்பாலும் பார்க்கக்கூடிய ஏவுகணை எச்சரிக்கை ரேடார். உக்ரைனில் செர்னோபில் அணு உலைக்குப் பக்கத்தில் அதன் ராட்சத ஆன்டெனா இன்றும் நிற்கிறது. 1989 கடைசியில்தான் சத்தம் ஓய்ந்தது. ஒரு மாலை நான் கொல்கத்தா நண்பர் ஒருவரோடு தந்தியில் பேசிக்கொண்டிருந்தபோது மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது. புள்ளி எது, கோடு எது என்று தெரியாமல் அவர் மகளுக்குக் கல்யாணம் என்று சொன்னதை நான் கடைசிவரை வாங்கவேயில்லை. தபாலில் பத்திரிகை வந்த பிறகுதான் தெரிந்தது.

பகிர்ந்துகொள்வதற்குச் சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. முதன்மை உரிமை, இரண்டாம் உரிமை என்று இரண்டு. சாலில் குடியிருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பொதுக்குழாயில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வருகிறது. வாடகைச் சீட்டுள்ள குடித்தனக்காரர்கள் வரிசையில் சண்டையிட்டாலும் சமம், அது முதன்மை. அவர்கள் பிடித்த பிறகு மிஞ்சினால் பிடித்துக்கொள்ளலாம், அவர்கள் குடத்தோடு வந்தால் விலகிவிட வேண்டும், விலகாவிட்டால் புகார் செய்யக்கூட உரிமையில்லை என்றால் அது இரண்டாம் உரிமை. 7.0 முதல் 7.1 வரை அமெச்சூர் முதன்மை. மேலே போகப்போகப் பல பேண்டுகளில் நாங்கள் இரண்டாம் உரிமைக்காரர்கள்தான். குழாய்க்கு அருகில் நின்று, குடத்தை ஒளித்துவைத்துக் காத்திருக்கிற ஆள்.

சட்டம் இருந்தாலும் காற்றில் போலீஸ்காரர் இல்லை. ஆகையால் எங்களுக்குள் முதல் பாடம், பேசுமுன் கேள் என்பது. முள்ளைத் திருப்பி வைத்து ஒரு நிமிடம் கேட்க வேண்டும். அமைதியாக இருந்தாலும், 'இந்த அலை உபயோகத்தில் இருக்கிறதா?' என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால்தான் அழைக்கலாம். இதைக் கடைப்பிடித்தும் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

2001 ஜனவரி 26 காலை கச்சில் பூகம்பம். இந்த ஊரில் பருப்பு, மளிகை, துணி என்று எந்த வரிசைக்குப் போனாலும் கச்சி ஜைனர் கடை இருக்கும். எனக்குப் பக்கத்துக் கடைக்காரரும் பச்சாவ் தாலுகாக்காரர். ஊரில் தாயாரும் தம்பி குடும்பமும். தொலைபேசி இல்லை, எதுவும் இல்லை. ஹாம்கள் செட்டும் பேட்டரியும் எடுத்துக்கொண்டு கச்சுக்குப் போய் அங்கிருந்து பேசத் தொடங்கினார்கள். பகலில் 40 மீட்டரில் மும்பைக்கு நன்றாகவே கேட்டது. என் கடைக்கு வெளியே இருபது முப்பது பேர் சீட்டில் பெயர் எழுதிக்கொண்டு நிற்பார்கள். பெயர், ஊர், அப்பா பெயர். ஒருவர்கூடச் சத்தமாகப் பேசமாட்டார். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

28-ஆம் தேதி என்று நினைக்கிறேன், ராத்திரி பத்தரைக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தேன். பகலில் சேர்ந்த பெயர்களை யார் மூலமாவது அனுப்ப வேண்டும். முள்ளை வைத்தேன், கேட்டேன், அமைதி. இரண்டு தடவை விசாரித்தேன், பதில் இல்லை. அழைக்கத் தொடங்கினேன். மூன்றாவது அழைப்பில் சென்னையிலிருந்து ஒரு குரல் குறுக்கே வந்தது.

"சார், தயவுசெஞ்சு நிறுத்துங்க. நீங்க இருக்கிற இடத்துலதான் புஜ்ல இருந்து லிஸ்ட் படிச்சிட்டு இருக்காங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. காரணம் இதுதான். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிட்டால் அது ஓரிடத்தில் பட்டு, ஒரு தூரம் தாவி, அடுத்த இடத்தில் படும். நடுவிலுள்ள தண்ணீரைத் தொடாது. ராத்திரியில் அயனி மண்டலம் மெலிந்ததும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை அப்படித்தான் தாவுகிறது. புஜ்ஜிலிருந்து கிளம்பிய அலை ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரிலிருந்த என் தலைக்கு மேலே தாண்டிச் சென்னையில் விழுந்தது. என் அலையும் அவ்வாறே புஜ்ஜைத் தாண்டிவிட்டது. சென்னையில் மட்டும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பட்டியலை எழுதிக்கொண்டிருந்த அந்தச் சென்னை நண்பருக்கு நான்தான் மரங்கொத்தி.

செட்டை அணைத்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே நண்பர் பட்டியல் முழுவதையும் எனக்குத் திருப்பிப் படித்தார். நான் அமுக்கிய நேரத்தில் போன ஏழெட்டுப் பெயர்களை அவர் மறுபடி புஜ்ஜில் கேட்டு வாங்கியிருந்தார். அதில் பக்கத்துக் கடைக்காரரின் தம்பி பெயர் இருந்தது, உயிரோடு இருக்கிறார் என்று. தாயார் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

அப்போது எங்களிடம் இருந்தது அந்த 100 கிலோஹெர்ட்ஸ்தான். நாடு முழுவதிலிருந்தும் ஆர்வலர்கள், செய்தி கேட்பவர்கள், வழக்கமான அரட்டைக்காரர்கள், வெளிநாட்டார் எல்லாரும் அதற்குள். பக்கத்துச் சுவர் 7.1, அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள், அவற்றின் கசிவு நமது பக்கமும் வழியும். நகர்ந்து உட்கார இடமிருந்தால் அந்த ராத்திரி நான் வேறெங்காவது உட்கார்ந்திருப்பேன்.

2003 ஜூன் முதல் ஜூலை வரை ஜெனீவாவில் உலக வானொலி மாநாடு நடந்தது. அங்கே அமெச்சூர் சங்கத்துக்கு வாக்கு இல்லை. அரசாங்கங்களுக்குத்தான் வாக்கு. ஆகவே ஒவ்வொரு நாட்டு ஹாம்களும் தங்கள் தங்கள் அரசை நயந்து சொல்ல வேண்டியிருந்தது. முடிவு வந்தது: ஒலிபரப்பாளர்கள் 7.1 முதல் 7.2 வரை காலி செய்ய வேண்டும், அவர்களுக்கு மேல்பக்கம் 7.45 வரை இடம் உண்டு, காலி செய்யக் கடைசி நாள் 2009 மார்ச் 29. வாடகைதாரருக்கு ஆறு ஆண்டு நோட்டீஸ்! ஆனாலும் ஒலிபரப்பாளர்கள் கையிலிருந்ததை அமெச்சூர்கள் திரும்பப் பெற்றது சாமானியமல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியை வைத்துக்கொண்டு 7.1-க்கு மேலே முள்ளை நகர்த்திக் கேட்டேன். முந்தின நாள்வரை முழங்கிய இடங்களில் பல காலியாக இருந்தன. வெறும் இரைச்சல். அது அவ்வளவு நன்றாக இருந்தது. இந்திய ஹாம்களுக்கு அங்கே பேசும் உரிமை பிறகுதான் வந்தது. அன்று கேட்டதோடு சரி.

முழுதும் காலியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்பந்தத்தின் அடிக்குறிப்புகளில் பல நாடுகள் தங்கள் ராணுவ, அரசுத் தொடர்புகளுக்கு அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொண்டன. சோமாலிலாந்தின் ரேடியோ ஹர்கேசா 7.120-இல் உட்கார்ந்தது. 2010-களில் எரித்ரியா வானொலி 7.140, 7.180 பக்கம் பேச, எத்தியோப்பியா அதன் மேல் இரைச்சலைக் கொட்டியது. இரண்டு அண்டை நாட்டுச் சண்டை, இடம் அமெச்சூருடையது. அந்த இரைச்சல் அரபிக்கடல் தாண்டி மாலை வேளைகளில் என் செட்டுக்கும் வந்தது. ஆசியாவுக்கான அவசரகாலத் தொடர்பு மையமாக ஹாம்கள் 7.110-ஐ வைத்திருக்கிறார்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால் கவலை புரியும். மரங்கொத்தியின் பேரப்பிள்ளைகளான புதிய ரேடார்களும் 7 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது வந்து மோட்டார் ஓடுவதுபோல் உறுமிவிட்டுப் போகின்றன.

உள்வீட்டுச் சண்டையும் உண்டு. 2017-இல் எஃப்.டி.8 என்று ஒரு கணினி முறை வந்தது. பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். 15 வினாடிக்கு ஒரு துணுக்கு. ஒருவருக்கு 50 ஹெர்ட்ஸ் போதும். காதுக்கே கேட்காத சிக்னலைக் கணினி படித்துவிடும். 7.074-இல் ஒரு குரலுக்குரிய அகலத்தில் பல நாட்டார் டஜன் கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சிக்கனம்தான். ஆனால் பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் காலைப் பேச்சு வைத்திருந்த பெரியவர்களுக்கு, ராத்திரியோடு ராத்திரியாகத் திண்ணையை யாரோ வளைத்துக்கொண்டது போல. இளைஞர்கள், 'சார், கொஞ்சம் தள்ளிப் போங்க' என்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் நியாயம் பார்க்கிறேன் என்பதால் இரண்டு பக்கமும் எனக்கு வசை. இன்னொரு பக்கம், ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் போன்ற மலிவான செட்டுகளால் புதியவர்கள் நிறைய வந்தார்கள். முதல் பிட்எக்ஸில் சுருள் சுற்றக் குழாய் வாஷரைச் சொல்லியிருந்தார். பிளம்பிங் கடைக்குப் போய் ரேடியோ சாமான் கேட்ட வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்களே தொல்லைக்காரர்களாக இருக்கும் இடமும் உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1240 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு இரண்டாம் உரிமை. ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் 1278.75-இல் ஒரு சிக்னலைப் பூமிக்கு அனுப்புகின்றன. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் மெலிந்த சிக்னல். 2019-இல் ஜெர்மனியில் ஓர் அமெச்சூர் தொலைக்காட்சி நிலையம் அதன் கருவி ஒன்றைக் குழப்பிவிட்டது. விவகாரம் 2023 துபாய் மாநாடுவரை போய், பேண்டைப் பிடுங்காமல், எந்தப் பகுதியில் எவ்வளவு வாட் என்ற பரிந்துரையோடு முடிந்தது. அதிர்ஷ்டம் எப்போதும் அப்படி இருப்பதில்லை. அமெரிக்காவில் 1958-இல் 11 மீட்டரைப் பொதுமக்கள் பேச்சுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். 220 முதல் 222 மெகாஹெர்ட்ஸ் 1991-இல் வாகனத் தொடர்புக்குப் போயிற்று. 2019-இல் பிரான்ஸ் 144 மெகாஹெர்ட்ஸ் பேண்டை விமானத் துறைக்குக் கேட்கலாமா என்று பேச்சை எடுத்து, எதிர்ப்பு வலுத்ததும் இரண்டு மாதத்தில் கைவிடப்பட்டது. அலைக்கற்றை கோடிக்கணக்கில் ஏலம் போகும் காலத்தில், காசு தராத குடித்தனக்காரர் மேல் எல்லாருக்கும் ஒரு கண்.

'அதையெல்லாம் செல்போனிலேயே பேசலாமே' என்று என் பேரன் கேட்கிறான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தமானில் அமெச்சூர் பேச்சுக்கு அனுமதி கிடைத்திருந்ததால் உலகமே அவர்களை அழைத்துக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி. கேளிக்கைக்குக் கொண்டுபோன செட்டுகள் அன்று காலை முதல் தீவுகளின் செய்தியைத் தலைநிலத்துக்குச் சொல்லும் செட்டுகளாயின. எந்த அலையில் அவசரச் செய்தி போகிறதோ அதைவிட்டு விலகும்படி உலக ஹாம்களைக் கேட்க வேண்டியிருந்தது, விலகினார்கள். பேரனுக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு செல்போனைப் பார்க்கப் போய்விட்டான்.

இப்போது எனக்குப் பெரிய எதிரி திரானாவும் இல்லை, ரேடாரும் இல்லை. எங்கள் கட்டடமே. எல்.இ.டி. பல்புகளின் உள்ளே இருக்கும் சிறு மின்மாற்றிச் சுற்று, மலிவு சார்ஜர், லிஃப்ட், மாடியில் சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர், ஒவ்வொன்றும் சிற்றலையில் ஒரு கரகரப்பைக் கக்குகிறது. யாரும் யாருடைய அலையையும் திருடவில்லை. எந்தச் சட்டப்படி யார் மேல் புகார் செய்வது? கையடக்க ரேடியோவைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கி, நான்காவது மாடி வீடு ஒன்றின் மீன்தொட்டி விளக்குதான் மோசமான குற்றவாளி என்று கண்டுபிடித்தேன். அந்த அம்மாளிடம் போய்ச் சொன்னபோது முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நல்ல அடாப்டர் ஒன்றை என் கடையிலிருந்தே கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தேன். மற்ற விளக்குகளெல்லாம் எரியத் தொடங்குமுன் காலை ஐந்திலிருந்து ஆறரைவரை இப்போது 40 மீட்டர் ஓரளவு சுத்தமாகக் கேட்கிறது. அந்த நேரத்தில்தான் நான் உட்காருகிறேன்.